நான்கு தட்டும் ஒரு பாதாம் டப்பாவும்

1862 ஆகஸ்ட் 26 அன்று லண்டன்வாசி வில்லியம் பேன்டிங்கின் எடை 202 பவுண்டு. நம் கணக்கில் 91 கிலோ 600 கிராம். உயரமோ 5 அடி 5 அங்குலம்தான். உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் இன்றைய பிஎம்ஐ கணக்கைப் போட்டுப் பார்த்தால் 33ஐத் தாண்டும். வயது அறுபத்தாறை நெருங்கிக்கொண்டிருந்தது.

குடும்பத் தொழில் சவ அடக்க ஏற்பாடு. அரச குடும்பத்தின் இறுதிச் சடங்குகளையே எடுத்துச் செய்த நிறுவனம் அது. ஊரின் பெரிய மனிதர்களுக்கெல்லாம் சவப்பெட்டிக்கு அளவெடுத்த குடும்பத்தில் பிறந்தவரால் குனிந்து தன் ஷூ நாடாவைக் கட்ட முடியவில்லை. மாடிப்படி இறங்கும்போது முழங்காலிலும் கணுக்காலிலும் பாரம் இடிக்கும் என்று, பின்பக்கமாகத் திரும்பி மெதுவாக இறங்குவார். தொப்புளில் குடலிறக்கம் வேறு. காதும் மந்தமாகிக்கொண்டு வந்தது. இதையெல்லாம் கூச்சப்படாமல் அவரே எழுதி, 1863ல் சின்னப் பிரசுரமாக அச்சடித்து முதலில் இலவசமாகவே கொடுத்தார். உடல் பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்பது அதன் தலைப்பு. மாவுச்சத்தைக் குறைத்து எடை குறைத்த கதைகளில் ஊரெல்லாம் பரவிய முதல் கதை இதுதான். ஸ்வீடன் மொழியில் இன்றைக்கும் 'டயட்டில் இருப்பது' என்பதற்கு 'பன்ட்டா' என்ற சொல் இருக்கிறது. இவர் பெயரிலிருந்து வந்தது.

நான் இவரைக் கையில் எடுத்ததற்குக் காரணம் எடை குறைந்ததல்ல. எடை குறைந்த கதைக்கு இன்று பஞ்சமா? பேன்டிங் தட்டில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதை அவுன்ஸ் (சுமார் 28 கிராம்) கணக்கில் எழுதிவைத்தார். எழுதிவிட்டு, அளவெல்லாம் முக்கியமில்லை, பசியின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் நானே ஒன்றரை வருடம் மாட்டிக்கொண்டு கிடந்தேன்.

மருந்துக்கு முந்தைய முப்பது வருடம்

முதலில் அவர் பசியைப் பார்ப்போம். பழைய சாப்பாடு இப்படி: காலையில் ரொட்டியும் பாலும், இல்லாவிட்டால் பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட தேநீரும் வெண்ணெய் தடவிய டோஸ்ட்டும். மதியம் இறைச்சி, பீர், நிறைய ரொட்டி, கூடவே மாவுப் பண்டம். மாலையில் மறுபடி காலைச் சாப்பாடு மாதிரியே. இரவு பழம் வைத்த டார்ட் அல்லது ரொட்டி, பால். தான் ஒன்றும் பெருந்தீனிக்காரன் இல்லை, சோம்பேறியும் இல்லை என்று அடித்துச் சொல்கிறார். நம்பலாம். இட்லி, சோறு, சாயங்காலக் காபியோடு பஜ்ஜி, இரவு நாலு தோசை என்று சாப்பிடுகிற யாரும் நம் ஊரில் தன்னைத் தீனிக்காரன் என்று சொல்லிக்கொள்வதில்லையே.

எடை ஏற ஆரம்பித்தபோது ஒரு மருத்துவ நண்பர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். பேன்டிங் ஆற்றில் கனமான படகை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டார். உடம்பு வலுத்தது. கூடவே பிரமாதமான பசியும் வந்தது, அதற்குத் தீனி போட்டே ஆகவேண்டியிருந்தது, எடை கூடியது. நண்பரே நிறுத்தச் சொல்லிவிட்டார். இந்தக் கடிதம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜிம்முக்குப் போய்விட்டு வரும் வழியில் இரண்டு செட் பரோட்டா சாப்பிடுகிறவரின் நிலைமையை அன்றே பச்சையாக எழுதிவிட்டார்.

அப்புறம் ஊர் ஊராக நீர்ச் சிகிச்சை, கடற்காற்று, மருந்துகள். துருக்கிக் குளியல் ஐம்பது வரை எடுத்துப் பார்த்தார். போனது ஆறு பவுண்டு. கடைசியில் காது கேட்கவில்லை என்று போனவரைத்தான் வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவர் பிடித்து உட்கார வைத்தார். ஹார்வி 1856ல் பாரிஸில் உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் கல்லீரலைப் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தவர். கல்லீரல் சர்க்கரைப் பொருளைச் சுரக்கிறது என்றால், சர்க்கரையையும் மாவையும் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்திருந்தார். நோயாளி வந்தார், யோசனையைப் போட்டுப் பார்த்தார்.

தட்டுகள்

விலக்கு ஆறு: ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு.

காலையில் நான்கைந்து அவுன்ஸ் மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ சிறுநீரகமோ சுட்ட மீனோ. பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் ஒரு பெரிய கோப்பை. ஒரு சின்ன பிஸ்கட் அல்லது ஒரே ஒரு அவுன்ஸ் காய்ந்த டோஸ்ட். மதியம் ஐந்தாறு அவுன்ஸ் மீன் (சால்மன் கூடாது) அல்லது இறைச்சி (பன்றி கூடாது), உருளைக்கிழங்கு தவிர எந்தக் காயும், மறுபடி ஒரு அவுன்ஸ் டோஸ்ட், புட்டிங்கில் உள்ள பழம் மட்டும், கூடவே இரண்டு மூன்று கிளாஸ் ஒயின். மாலையில் இரண்டு மூன்று அவுன்ஸ் பழம், ஒன்றிரண்டு ரஸ்க், தேநீர். இரவு மூன்று நான்கு அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன், ஒன்றிரண்டு கிளாஸ் ஒயின். தேவைப்பட்டால் படுக்கப் போகும்முன் சர்க்கரை போடாத மது ஒரு டம்ளர். இந்தக் குடியை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம். அதைக் குறைத்திருந்தால் இன்னும் சீக்கிரம் இளைத்திருப்பார் என்பது என் கணிப்பு.

எடைப் பட்டியலையும் கொடுத்திருக்கிறார். செப்டம்பர் 7ல் 200 பவுண்டு. பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு, மூன்று, ஒரே ஒரு தடவை நான்கு பவுண்டு. 1863 செப்டம்பரில் 156ல் வந்து நின்றது. மொத்தம் 46 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 21 கிலோ. இடுப்பில் 12¼ அங்குலம். வாரத்துக்குச் சராசரியாக 400 கிராம்.

இந்த நிதானத்தைக் கவனிக்க வேண்டும். இன்று கீட்டோ (மாவுச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) தொடங்குகிறவர் முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ போய்விட்டது என்று துள்ளுவார். அதில் பெரும்பகுதி தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜன் ஒரு கிராம் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். கிளைக்கோஜன் கரைந்தால் தண்ணீரும் போகும். பேன்டிங்குக்கு முதல் பன்னிரண்டு நாளில் போனது இரண்டே பவுண்டு. டோஸ்ட், ரஸ்க், பழம் என்று கொஞ்சம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. இது கீட்டோ அல்ல. தானியத்தையும் சர்க்கரையையும் விலக்கும் ரொம்பக் கறாரான பேலியோ கூட அல்ல.

சரி, கூட்டிப் பார்ப்போம். மூன்று வேளை இறைச்சி, மீன் சேர்த்து 12 முதல் 15 அவுன்ஸ். 340 முதல் 425 கிராம். சமைத்த, கொழுப்பு குறைந்த இறைச்சி 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் என்று வைத்தால், நாளுக்கு 85 முதல் 105 கிராம் புரதம். அந்த வயதுக்கு நல்ல அளவு. ஆனால் கொழுப்பு? வெண்ணெய் இல்லை, பால் இல்லை, காலையில் அனுமதித்த பேக்கனைத் (உப்பிட்ட பன்றித் துண்டு) தவிர பன்றி இல்லை, கொழுப்பு மீனான சால்மன்கூட இல்லை. இருந்த டோஸ்ட்டும் வெண்ணெய் தடவாத காய்ந்த டோஸ்ட்தான். மாவை நிறுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஹார்வி கொழுப்பையும் சேர்த்தே குறைத்துவிட்டார். அதோடு கொறிக்க ஒன்றும் இல்லை. முந்திரி இல்லை, பாதாம் இல்லை, சீஸ் துண்டு இல்லை. நான்கு தட்டு. தட்டு காலியானால் அடுத்த தட்டுவரை ஒன்றும் கிடையாது.

இப்படிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் சொல்கிறார்: உணவின் அளவை இயல்பான பசிக்கே விட்டுவிடலாம், பருமனைக் குறைப்பது உணவின் தன்மைதான். தான் இவ்வளவு நன்றாக எப்போதும் சாப்பிட்டதில்லை என்றும் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. புரதமும் மெல்லவேண்டிய இறைச்சியும் காயும் உள்ள தட்டில் பசியே அளவுகோலாக இருந்திருக்கும். ஆனால் அந்தத் தட்டை அவுன்ஸ் கணக்கில் முதலிலேயே கட்டிவிட்டார்கள் என்பதை அவர் ஒரு விஷயமாகவே எண்ணவில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டோம். 'மாவுச்சத்து இல்லாவிட்டால் போதும், வயிறு நிறையச் சாப்பிடு.'

என் டப்பா

தமிழ்நாட்டில் பேலியோ அலை அடித்தபோது நானும் இறங்கினேன். 2016 ஜூன். எடை 94. காலையில் 100 பாதாம், மதியம் நான்கு முட்டை, காய், இரவு பனீர் அல்லது கறி. இடையில் வெண்ணெய்த் தேநீர். முதல் மாதத்தில் பசி அடங்கியது உண்மை. பதினொரு மணிக்கு வரும் அந்த நடுக்கம், வடை எங்கே என்று கண் தேடுவது, எல்லாம் நின்றுபோனது. ஐந்து மாதத்தில் 12 கிலோ குறைந்தது. பழைய சட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

அப்புறம் நின்றது. மூன்று மாதம் அசையவில்லை. நான்காம் மாதம் ஏற ஆரம்பித்தது. சோறு தொடவில்லை, இட்லி தொடவில்லை, தேநீரில் சர்க்கரை இல்லை. தைராய்டு பார்த்தேன், சரியாக இருந்தது. மூன்று கிலோ ஏறியபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிதான் கேட்டாள்.

"என்னங்க, இது கொறிக்கிறதா, சாப்பாடா?"

கையில் எவர்சில்வர் டப்பா. ஊறவைத்துத் துடைத்து, நெய்யில் வறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட பாதாம். கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கும். "பாதாம்தானே" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மகள் கேக் செய்ய வாங்கிய தராசைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு வாரம் காலையிலும் இரவிலும் டப்பாவை எடைபோட்டேன். ஒருநாள் 85 கிராம் குறைந்திருந்தது, ஒருநாள் 140. சராசரி 110. காலை 100 பாதாமுக்கு மேல் இது. ஒரு பாதாம் 1.2 கிராம் வரும். 100 பாதாம் 120 கிராம், கிட்டத்தட்ட 690 கலோரி. அதே அளவு இன்னொரு முறை, எனக்கே தெரியாமல். முழுப் பாதாமில் உள்ள கொழுப்பு எல்லாம் உடம்பில் சேர்வதில்லை, பொட்டலத்தில் போட்டிருப்பதைவிடக் கலோரி குறைவுதான் என்று அமெரிக்க வேளாண் துறையின் 2012 ஆய்வு ஒன்று உண்டு. அந்தச் சலுகையைக் கொடுத்தாலும் டப்பாவின் பங்கு ஒரு முழுச் சாப்பாடு. தேநீரில் போட்ட வெண்ணெயும் இருந்தது: இரண்டு வேளைக்கு 60 கிராம், 430 கலோரி. ஆம்லெட் கல்லில் அம்மா ஊற்றிய நெய்யை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கேட்டால், "நெய்தானேடா, சோறா போட்டேன்?" என்பார். நியாயமான பதில்தான். வீட்டில் அந்தக் கொள்கையைப் பரப்பியதே நான்தான்.

இங்கே எனக்குப் புரிந்தது ஒன்று. வயிற்றுப் பசி போய்விட்டிருந்தது. வாய் நமநமப்பு போகவில்லை. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பசி எடுத்தா அந்த டப்பாவைத் திறந்தேன்? ஒருமுறைகூட இல்லை. மின்னஞ்சல் படிக்கும்போது, போன் பேசும்போது, யாராவது எரிச்சலூட்டும்போது திறந்தேன்.

ஆய்வுகள் சொல்வது

2005ல் ஃபிலடெல்ஃபியாவில், டைப் 2 சர்க்கரை நோயும் பருமனும் உள்ள பத்துப் பேரை ஆய்வு வார்டில் வைத்து, மாவுச்சத்தை நாளுக்கு 21 கிராமாகக் குறைத்தார்கள். மற்றதை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இரண்டு வாரத்தில் அவர்கள் சாப்பிட்ட கலோரி 3,111லிருந்து 2,164ஆகத் தானாகவே இறங்கியது. நிறுத்திய மாவுச்சத்துக்கு ஈடாக இறைச்சியையோ வெண்ணெயையோ அவர்கள் கூட்டிக்கொள்ளவில்லை. பேன்டிங் வரிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் 2021ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு வெளியிட்ட ஆய்வு வேறு பக்கத்தைக் காட்டுகிறது. இருபது பேர். இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, முக்கால்வாசிக் கலோரி கொழுப்பிலிருந்து வரும் சாப்பாடு. இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த, மாவுச்சத்து நிறைந்த சைவச் சாப்பாடு. வேண்டிய அளவு சாப்பிடச் சொன்னார்கள். கொழுப்பு குறைந்த சாப்பாட்டில் நாளுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பசியும் திருப்தியும் எப்படி என்று கேட்டபோது இரண்டுக்கும் வித்தியாசம் சொல்லவில்லை. அதாவது ஒரே மாதிரி வயிறு நிறைந்த உணர்வுக்கு ஒரு பக்கம் 690 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. என் டப்பா மாதிரியே. அதே ஆய்வில் கொழுப்பு குறைந்த சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையும் இன்சுலினும் அதிகம் ஏறின என்பதையும் மறைக்கக் கூடாது, எதுவும் இலவசமில்லை.

சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995ல் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எது எவ்வளவு வயிறு நிறைந்த உணர்வைத் தருகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டியை 100 என்று வைத்தால் முட்டை 150, மீன் 225, வேர்க்கடலை 84. அவித்த உருளைக்கிழங்கு 323, எல்லாவற்றுக்கும் மேலே! பேன்டிங் விலக்கியதும் நாம் எல்லோரும் பயப்படுவதும் அந்த உருளைக்கிழங்கைத்தான். சர்க்கரை அளவுக்கு அது ஆகாது என்பது தனி விஷயம். ஆனால் பசியைக் கட்டுவதும் மாவுச்சத்தைக் குறைப்பதும் ஒரே கயிறு இல்லை என்று அந்தப் பட்டியல் காட்டிவிடுகிறது.

மாற்றியவை, மாறாதவை

முதலில் தராசை வைத்தே காலம் தள்ளலாம் என்று நினைத்தேன். ஒன்பது நாள் தாங்கியது. சுடச்சுட மீனை எடைபோட்டுக்கொண்டு நிற்பவனோடு யாரும் சேர்ந்து சாப்பிட விரும்புவதில்லை. சின்னத் தட்டும் முயன்றேன். மூன்று தடவை எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டேன். சின்னத் தட்டுக் கதையைப் பரப்பியதில் பெரும்பங்கு அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த உணவுப் பழக்க ஆய்வாளர் பிரையன் வான்சிங்க்குடையது. அவருடைய கட்டுரைகள் பல பின்னால் திரும்பப் பெறப்பட்டன என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பலித்தது பேன்டிங்கின் வழி. தட்டை அடுக்களையிலேயே ஒருமுறை போட்டுக்கொண்டு வருவது. குழம்புச் சட்டியும் பொரியல் கிண்ணமும் மேசைக்கு வரக்கூடாது. மீன் இரண்டு துண்டு, அல்லது முட்டை மூன்று. கோஸ் அல்லது பீன்ஸ் பொரியல் தட்டில் பாதி. சட்டி கண்முன் இருந்தால் அம்மா போடுவார், நான் 'போதும்' என்று கையை நீட்டுவேன், கைக்குப் பக்கவாட்டில் ஒரு கரண்டி விழும். நம் வீடுகளில் 'போதும்' என்ற சொல்லுக்கு 'இன்னும் ஒரு கரண்டி' என்றுதான் பொருள். சட்டி உள்ளே இருந்தால் எழுந்து போய் எடுத்துவர அவருக்கும் சோம்பல்.

வெண்ணெய்த் தேநீர் நின்றது. பாதாம் காலையில் 25, ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணிப் போட்டது. டப்பா பரணுக்குப் போனது. ஏணி வைத்து ஏறினால்தான் எடுக்க முடியும். ஏறி எடுக்கிற அளவுக்கு ஆசை வந்தது மூன்றே முறை. மற்ற நாளெல்லாம் அந்த நமநமப்பு பத்து நிமிடத்தில் தானாகப் போய்விட்டது.

முதல் பத்து நாள் நாலு மணிக்கு நிஜமாகவே பசித்தது. ஒரு வேகவைத்த முட்டையும் மோரும் வைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. அதில் மூன்று, ஏறிய பழைய கடன். மாவுச்சத்தின் அளவு இந்த மூன்று மாதமும் முன்பு இருந்ததேதான்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் மாத்திரை எதுவும் சாப்பிடாதவன். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஒரேயடியாகக் கீழே விழலாம். மருத்துவர் அளவை மாற்றித் தந்தபிறகே தொடங்க வேண்டும். என்னுடைய எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) கூட வெண்ணெய்க் காலத்தில் ஏறித்தான் இருந்தது.

பேன்டிங் 156 பவுண்டில் நின்றபோதும் பிஎம்ஐ 26 இருந்தது. இந்தியர்களுக்கான கணக்கில் அதுவே பருமன்தான். அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படியில் முன்பக்கமாக இறங்கினார், குனிந்து நாடா கட்டினார், 1878ல் 81 வயதில் இறந்தார்.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் சரியாகவில்லை. ஆட்டுக்கறி வாங்கும் நாளில் சட்டி எப்படியோ மேசைக்கு வந்துவிடுகிறது. போன வாரம் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கரண்டியோடு நின்றார். "சோறு இல்லாம வெறுங்கறி எவ்வளவுதான்டா சாப்பிட்டுடப் போற?" என்றார். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.